சூட்டு மெழுகில் ஒரு தேதித்தாள்

தினசரி காலண்டரில் பெரிதாக அச்சிட்டிருக்கும் தேதி எண்ணை, கிழித்தெடுத்த காலண்டர் தாள்களின் மேலேயே, உருக்கிய தேன்மெழுகில் குழைத்த வண்ணத்தால் தீட்டுவது. வேலை இவ்வளவுதான். பலகை இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலம். எண் 4. முழுக்க நேர்க்கோடுகள் என்பதால், விளிம்பில் மெழுகு எப்படி நிற்கிறது என்று பார்க்க வசதியான எண்.

இந்த வேலைக்கு முன்னோடி அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ். அமெரிக்க ராணுவத்திலிருந்து 1953இல் வெளியே வந்து நியூயார்க்கில் தங்கியவர், 1954இல் தன் நாட்டுக் கொடியைத் தீட்டுவதாகக் கனவு கண்டு, பிறகு அதைத் தீட்டவே உட்கார்ந்தார். ‘கொடி’ என்ற அந்தப் படம் (1954–55) இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் வீட்டுக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட்டில்தான் ஆரம்பித்தார். அது காய நேரம் எடுத்தது; காய்வதற்குள் அடுத்த தீற்றலைப் போட்டால் முந்தையது கலங்கியது. அதனால் மெழுகுக்கு மாறினார். மெழுகு பிரஷ்ஷை விட்டு இறங்கிய சில நொடிகளில் இறுகிவிடும். அடுத்த தீற்றல் அதன் மேல் உட்காருமே தவிர, அதைக் கலைக்காது.

அன்றைய நியூயார்க்கில் பேசப்பட்ட ஓவியமெல்லாம் ஈர வண்ணத்தின் ஓவியம். பொல்லாக் தரையில் விரித்த கித்தானின் மேல் எனாமலைச் சொட்டவிட்டார். டி கூனிங் எண்ணெய் வண்ணத்தை இழுத்தார், சுரண்டினார், மறுபடி இழுத்தார். தீற்றலின் வேகத்தைத் தீட்டியவரின் மனமாகவே பார்வையாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜான்ஸின் கொடியிலும் தீற்றல்கள் நிறைய. ஆனால் ஒவ்வொன்றும் தனியாக உறைந்து நிற்கிறது. ‘இந்த இடத்தில் ஒருமுறை பிரஷ் வைக்கப்பட்டது’ என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு கொடி அங்கே கொடியாகவும் இல்லை, கொடியின் சித்திரமாகவும் இல்லை. தடித்த ஒரு பொருளாகக் கண்முன் நிற்கிறது. அந்தப் படத்தின் அர்த்தத்தில் பாதிக்கு மேல் மெழுகு உறையும் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது என்பது என் எண்ணம். புத்தகத்தில் அச்சான படத்தைப் பார்த்து இதை நம்பலாம்; அடுப்பில் மெழுகை வைத்தால்தான் புரியும்.

கொடியைத் தீட்ட எனக்கு விருப்பமில்லை. நம் வீட்டில் எல்லோர் கண்ணிலும் தினமும் பட்டு, யாரும் நின்று பார்க்காத ஒன்று வேண்டும். காலையில் கிழித்துக் கசக்கிப் போடும் தேதித்தாளைவிட அதற்குப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை.

மெழுகும் குங்கிலியமும்

நான் இருப்பது கும்பகோணம். பக்கத்தில் சுவாமிமலை. அங்கே சிலை வார்ப்பவர்கள் தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் கடலை எண்ணெய் மூன்றையும் காய்ச்சிய கலவையில்தான் முதலில் சிலையைச் செய்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சூட்டு மெழுகு ஓவியர்கள் இன்று பரவலாகப் பயன்படுத்தும் கலவையும் தேன்மெழுகும் டாமர் பிசினும்தான். டாமர் தென்கிழக்கு ஆசிய மரங்களிலிருந்து வருகிறது. குங்கிலியம் சால் மரத்துப் பிசின். வெள்ளைக் குங்கிலியம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வேறொரு மரத்துடையது. எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். ஓவியப் பொருட்களின் பட்டியலில் இறக்குமதிச் சரக்காக இருப்பதன் உறவுக்காரர் நம் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறார்.

கடலை எண்ணெயை மட்டும் தவிர்க்க வேண்டும். அது காயவே காயாது. சிலைக்கு அது நல்லது. மெழுகை விரலால் வளைத்து, நகையும் மடிப்பும் செதுக்க வசதி. படத்துக்கு அது பிசுபிசுப்பு, தூசிக்கு அழைப்பு.

மெழுகு வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் விகிதம் கேட்டேன்.

“எதுக்குத் தம்பி, சிலைக்கா?”

“இல்லீங்கய்யா, படம் வரைய.”

“அப்ப மெழுகு உள்ளேயே தங்கப்போவுதா?” கொஞ்சம் யோசித்தார். “குங்கிலியம் கூடினா விரிசல் விடும். கொறஞ்சா வெயிலுக்குத் தொங்கும். கையில அமுக்கிப் பார்த்து வச்சிக்குங்க.”

அவர் கேட்ட கேள்வியைப் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சுவாமிமலையில் மெழுகு என்பது வெளியேறப் போகிற உடல். விரல் பதித்த அத்தனை நுணுக்கத்தையும் உலோகத்திடம் கொடுத்துவிட்டு அது போய்விடும். ஓவியத்தில் அதே மெழுகு போகாமல் தங்குகிறது. பதிந்த தடத்தோடு தானும் இருக்கிறது. சரக்கு ஒன்று, கையாளும் விதமும் ஏறக்குறைய ஒன்று, அர்த்தம் மட்டும் தலைகீழ்.

விகிதத்துக்கு மாதிரித் துண்டுகள் செய்து பார்த்தேன். எடை அளவில் பத்துக்கு ஒன்று குங்கிலியம் சேர்த்த துண்டு, மே மாத மதியத்தில் நகம் பட்டாலே பள்ளம் வாங்கியது. ஐந்துக்கு ஒன்று கண்ணாடிபோல் மின்னியது, மேசை விளிம்பில் தட்டியதும் தெறித்தது. எட்டுக்கு ஒன்றில் நின்றேன். குளிரூரில் இருப்பவர்களுக்கு இந்த அளவு தேவைப்படாமல் போகலாம்.

கடையில் தேன்மெழுகு என்று விற்பதில் பாரஃபின் கலப்பு இருக்கலாம். ஒரு துண்டை விரல்களுக்கு நடுவே பிசைந்தால், நல்ல மெழுகு இளகி ஒட்டிக்கொண்டு வரும், தேன் வாசம் எழும். பாரஃபின் கூடியது வழுக்கும், உதிரும். மெழுகின் மஞ்சளைக் குறைக்கப் பழைய முறை ஒன்றே போதும்: மெல்லிய சீவல்களாகச் சீவி, ஈரத்துணியில் பரப்பி, தண்ணீர் தெளித்து, காலை வெயிலில் வைப்பது. உச்சி வெயில் கூடாது, சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். பொறுத்தால் தந்தத்தின் நிறம் வரும்.

குங்கிலியத்தில் மரப்பட்டை, மண், சில சமயம் பூச்சி எல்லாம் இருக்கும். பொடித்து, உருகிய மெழுகில் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளற வேண்டும். அது கரைய 100 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல் சூடு தேவை. மொத்த வேலையில் சூட்டை அவ்வளவு ஏற்றுவது இந்த ஒரு கட்டத்தில் மட்டும்தான். இதை வீட்டுக்குள் செய்யாமல், திறந்த வெளியில், மின் அடுப்பில் செய்வது நல்லது. கரைந்ததும் காடாத் துணியில் வடிகட்டி, பழைய இட்லித் தட்டில் ஊற்றி ஆறவிட்டேன். மெழுகு ஆறும்போது சுருங்குவதால் தானே கழன்று வரும். அடியில் படியும் கசடைக் கத்தியால் சீவிவிட்டால் கட்டி தயார்.

நிறங்களுக்கு அதிக தூரம் போகவில்லை. ஹார்ட்வேர் கடையில் சிவப்புத் தரை போடுவதற்கு விற்கும் ரெட் ஆக்சைடு பொடி, டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரைன் நீலம், கொஞ்சம் கரும்பொடி. இரும்பு ஆக்சைடு சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் அசையாது. நம் காவிக்கல்லின் சிவப்பும் அதேதான். ஈயம், காட்மியம், பாதரசம் கலந்த நிறங்களை அடுப்புப் பக்கமே கொண்டுவரக் கூடாது. சாதிலிங்கத்தின் சிவப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பாதரசம். பொடியைக் கலக்கும்போது முகமூடி கட்டாயம்.

பலகை

மெழுகுக்கு அடியில் இருப்பது வளையக் கூடாது, உறிஞ்ச வேண்டும். கட்டத்தில் இழுத்த கித்தான் தட்டினால் அதிரும். நாளாக நாளாக மெழுகு விரிசல் விடும். கடையில் கிடைக்கும் அக்ரிலிக் பிரைமர் பிளாஸ்டிக் படலம்போல் மூடிவிடுவதால், மெழுகுக்கு உள்ளே இறங்க இடமில்லை. பின்னால் ஏடாக உரிந்து வரும். ஜான்ஸின் ‘கொடி’ ஒட்டுப்பலகையில் ஒட்டிய துணியின் மேல்தான் இருக்கிறது.

எனக்கு இதற்கு விடை தஞ்சாவூர் ஓவியப் பலகையில் கிடைத்தது. பலகையின் மேல் துணி ஒட்டி, அதன் மேல் சுண்ணப்பொடியும் பசையும் குழைத்துப் பூசி, காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்குவது. 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில், பழைய பருத்தி வேட்டித் துண்டை, தச்சர்கள் காய்ச்சி ஒட்டும் பசையான வஜ்ஜிரத்தால் ஒட்டினேன். சாக்பொடியையும் வஜ்ஜிரத்தையே நீர்க்கக் கரைத்துக் குழைத்து மெல்லிய பூச்சுகளாக ஏற்றினேன். தஞ்சாவூர் முறையில் கடைசியாக வரும் வழவழப்பு மட்டும் இங்கே வேண்டாம். உப்புத்தாளால் ஒருமுறை லேசாகத் தேய்த்து, சொரசொரப்பை விட்டுவைத்தேன். நல்ல பலகை என்றால், ஒரு சொட்டு மெழுகை விட்டுச் சூடுகாட்டும்போது அது இறங்கிக் கறைபோல் பரவ வேண்டும்.

தாள்

தேதித்தாளின் காகிதம் மெல்லியது, மலிவானது. அதை உருகிய மெழுகில் தோய்த்து எடுக்கும்போது நடப்பது இந்த வேலையின் பெரிய மகிழ்ச்சி. வெள்ளைத் தாள் சட்டென்று கண்ணாடித்தன்மை பெற்று, அடியில் இருப்பதைக் காட்ட ஆரம்பிக்கிறது. தாளின் நார்களுக்கு நடுவே காற்று இருந்தவரை வெளிச்சம் சிதறிக்கொண்டிருந்தது. அதனால் அது வெள்ளை. மெழுகு அந்த இடத்தை நிரப்பியதும், நாரும் மெழுகும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால், சிதறல் குறைந்துவிடுகிறது. அதனால் ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து தாள்களை ஒட்டினாலும் கீழ்த்தாளின் ராகுகாலம் மேல்தாளின் எமகண்டத்தோடு கலந்து தெரிகிறது. ஒரு செவ்வாய்க்கிழமையின் சந்திராஷ்டமம் ஒரு வெள்ளிக்கிழமையின் நல்ல நேரத்துக்கு அடியில் மங்கலாக நிற்கிறது.

ஜான்ஸ் செய்தித்தாள் துண்டுகளையும் துணித் துண்டுகளையும் இப்படித்தான் மெழுகில் தோய்த்து ஒட்டினார். 1955இல் தீட்டிய ‘வெள்ளைக் கொடி’ நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் மூன்று மீட்டர் அகலம். நட்சத்திரங்களுக்கு ஒரு பகுதி, அவற்றின் வலப்புறம் வரும் ஏழு கோடுகளுக்கு ஒன்று, கீழே நீளமாக ஓடும் கோடுகளுக்கு ஒன்று என மூன்று பகுதிகளாக அதைச் செய்தார். வெளுக்காத மெழுகை அடிப்பூச்சாக இட்டு, தாள்களை ஒட்டி, பகுதிகளை இணைத்த பிறகு மேலே வண்ணம் கலந்த மெழுகைத் தீட்டினார். கொடியின் நிறத்தை எடுத்துவிட்டதால், அடியில் இருக்கும் அச்செழுத்துகளை அதில் கண் தேடிப் போகிறது.

தாள்களை எப்படிக் கிழிப்பது என்பதில் எனக்கு ஒரு கவலை இருந்தது. ஒரு வரி முழுசாகப் படிக்கக் கிடைத்தால், பார்ப்பவர் அதைப் படித்துவிட்டு, படம் அதைப் பற்றித்தான் என்று முடிவுகட்டிவிடுவார். சாமி படமோ பண்டிகைப் பெயரோ தெளிவாகத் தெரிந்தாலும் அதே கதி. அதனால் குறுக்காகக் கிழித்தேன்; சிலவற்றைத் தலைகீழாக ஒட்டினேன். எழுத்து தெரிய வேண்டும், படிக்க மட்டும் முடியக் கூடாது. சில காலண்டர்களின் சிவப்பு மை மெழுகில் கசிந்து பரவும், சிலவற்றில் அப்படியே நிற்கும். ஒவ்வொரு காலண்டரிலிருந்தும் ஒரு மூலையைத் தோய்த்துப் பார்த்த பிறகே எதை எடுப்பது என்று தீர்மானித்தேன்.

எவ்வளவு சூடு

தீட்டும் மேடை ஒரு மின் தோசைக்கல். அதன் மேல் நிறத்துக்கு ஒரு சிறிய எவர்சில்வர் டபரா. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். தீட்டுவதற்கு 80 முதல் 90 டிகிரி வரை வசதி. அதற்கு மேல் போய்ப் புகைய ஆரம்பித்தால் கண்ணையும் தொண்டையையும் கரிக்கும் ஆவி வரும். புகை தெரிந்தால் சூடு கூடிவிட்டது என்று பொருள், உடனே அணைக்க வேண்டும். தொடாமல் வெப்பம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கியது நல்ல செலவு. எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். மின்விசிறி பலகையின் மேல் வீசக் கூடாது, புகையை வெளியே தள்ளும் பக்கம் இருக்க வேண்டும். பன்றிமுடி பிரஷ்தான் தாங்கும், நைலான் சுருண்டுவிடும்.

இதெல்லாம் ஏற்பாடு. உண்மையான விஷயம் பலகையில்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு அடுக்கும் கீழ் அடுக்கோடு உருகி ஒட்ட வேண்டும். அதற்கு மேலிருந்து, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் சூடு காட்ட வேண்டும். சூடு போதாவிட்டால் அடுக்குகள் ஒன்றை ஒன்று பிடிக்காமல், பிறகு ஏதோ ஒரு நாள் தட்டாகக் கழன்று விழும். சூடு கொஞ்சம் கூடினாலும் தீற்றலின் முகடுகள் இளகி, ஒன்றோடொன்று கலந்து, சமதளமாகிவிடும். உறுதி வேண்டுமென்றால் தீற்றலை இழக்க வேண்டும், தீற்றல் வேண்டுமென்றால் உறுதி குறையும். ஜான்ஸின் படத்தில் தீற்றல்கள் தனித்தனியாக நிற்பதைப் புத்தகத்தில் பார்த்தபோது, அது மெழுகின் இயல்பு, தானாகவே வருவது என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். கையில் ஹீட் கன்னோடு நிற்கும்போது தெரிகிறது: ஒவ்வொரு இடத்திலும் சூட்டை எங்கே நிறுத்துவது என்று ஒருவர் எடுத்த முடிவு அது.

நான் கண்டுகொண்ட வழி, மேலிருந்து காட்டும் சூட்டைக் குறைத்து, அடியிலிருந்து சூடேற்றுவது. தீட்டுவதற்கு முன் பலகையின் அந்தப் பகுதியை, கையால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் அளவுக்கு, ஹீட் கன்னால் சூடாக்கிக்கொண்டேன். சூடான தளத்தில் விழும் தீற்றலின் அடிப்பகுதி இளகிய நிலையில் கீழ் அடுக்கைப் பிடித்துக்கொள்கிறது. மேற்பகுதி காற்றில் இறுகி, பிரஷ்ஷின் முடித்தடத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது. பிறகு கருவியைத் தள்ளிப் பிடித்து ஒரே ஒரு வீச்சு. மெழுகின் மேல் ஒரு கணம் ஈரப்பளபளப்பு வந்து மறையும். அந்தப் பளபளப்பு வந்தவுடன் எடுத்துவிட வேண்டும்.

இந்த முறையில் தீட்டினால் பிரஷ் ஒருமுறைக்கு ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம்தான் போகும். அதற்குள் மெழுகு இறுகிவிடும். நீண்ட கோடு இழுக்க முடியாது. எண்ணெய் வண்ணத்தில் பழகிய கைக்கு இது முதலில் பெரிய தடை. போகப் போக அதுவே தாளமாகிறது: தோய், வை, எடு. ஆவேசமாகத் தீட்ட இடமே இல்லை. மனத்தில் என்ன கொதித்தாலும் பிரஷ் அந்த ஓர் அங்குலத்தில் நின்றுவிடும். ஜான்ஸின் அந்த நிதானத்தை அவருடைய குணம் என்று பலரும் விளக்குவார்கள். அதில் ஒரு பங்கு மெழுகின் குணம் என்பதை இந்த ஓர் அங்குலம் எனக்குச் சொன்னது. அதே தேன்மெழுகை 1960களில் எண்ணெய் வண்ணத்தோடு கலந்த அமெரிக்க ஓவியர் பிரைஸ் மார்டனின் ஒற்றை நிறப் பலகைகளில் எதிர்மாறான ஒன்று நடக்கிறது. அங்கே மெழுகு பளபளப்பைக் கொன்று, தளத்தைத் தோல்போல் மங்கலாக்குகிறது. தீற்றல் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

எண்ணுக்கு ஓவர்ஹெட் ஷீட் என்ற கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளில் அச்சு வெட்டிக்கொண்டேன். உள்ளே ரெட் ஆக்சைடு, வெளியே தந்த வெள்ளை. நிறப்பொடியைக் குறைவாகவே கலந்தேன். கூடினால் அடியில் உள்ள எழுத்து மறைந்துவிடும், மெழுகும் உதிரத் தொடங்கும். அச்சைத் தூக்கியபோது விளிம்பில் மெழுகு சிறு கரைபோல் எழும்பி நின்றது. அதைச் சீவிச் சமமாக்க பிளேடு கையிலேயே இருந்தது, சீவாமல் விட்டேன். வெள்ளையைத் தீட்டும்போது அந்தக் கரை வரை வந்து நிறுத்தினேன். சில இடங்களில் வெள்ளை கரையின் மேல் ஏறியது, சில இடங்களில் இரண்டுக்கும் நடுவே தாள் தெரிகிறது. பத்தடி தள்ளி நின்றால் காலண்டர் எண். கையெட்டும் தூரத்தில் எண் காணாமல் போய், சிவப்பு மேடும் வெள்ளைப் பள்ளமும் ராகுகாலமும்தான்.

இப்போது அது மாடிப்படிக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறது. மேற்குச் சுவரில் மாட்டவில்லை. மாலை வெயில் வாங்கிய சுவர் இரவெல்லாம் சூட்டை விடும். மெழுகு உருக 62 டிகிரி வேண்டும் என்றாலும், இளக அவ்வளவெல்லாம் வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் இப்படி ஒரு படத்தை வைக்கவே கூடாது. மேலே வெண்மையாகப் பூத்தாலோ மங்கினாலோ மென்மையான பருத்தித் துணியால் தேய்த்தால் மறைந்துவிடும். எகிப்தின் ஃபாயூம் முகச்சித்திரங்கள், ரோமானியர் காலத்தில் மரப்பலகையில் மெழுகால் தீட்டப்பட்டவை, கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றின் கண்களில் இன்றும் பளபளப்பு இருக்கிறது. அங்கே வறண்ட மணல். இங்கே ஐப்பசி மழை. மெழுகுக்கு ஈரம் ஒன்றும் செய்யாது. அடியில் இருக்கும் வஜ்ஜிரத்துக்கும் பிளைவுட்டுக்கும்தான் ஆபத்து. அதனால் பலகையின் பின்புறமும் விளிம்புகளும் நிறமில்லாத மெழுகால் மூடப்பட்டிருக்கின்றன. இதைச் செய்ய விரும்புபவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிட வேண்டாம்.

பாக்கி இருப்பது மை. மலிவான காலண்டர் அச்சு மை வெளிச்சத்தில் எவ்வளவு நிற்கும் என்பது மெழுகின் கையில் இல்லை. தோய்த்த தாள்களில் ஒரு துண்டைப் பாதி மூடி ஜன்னலில் ஒட்டியிருக்கிறேன். பொங்கலுக்கு மூடியை எடுத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு மங்கியிருந்தால், அடுத்த பலகைக்குக் கறுப்பு மட்டும் அச்சான கிழமைகளின் தாள்களை எடுப்பேன். ஞாயிறும் விடுமுறையும் அதில் இருக்காது.